ஒன்றும் நடக்காத குளத்தின் காவலருக்கு

அஞ்சுவதில் அரசரே! ஆழம் அறிந்து அயராது விழித்தவரே! தெளிந்த நீரைக் கண்டும் தெளிவடையாத நெஞ்சரே! பச்சை விளக்கு பளிச்சென்று எரியும்போதும் பதைபதைப்பை விடாத பண்பாளரே! நடக்காமல் போனவை அனைத்துக்கும் நாயகரே!

எங்கள் நீச்சல் குளத்தின் பம்பு அறையில் பணிக்காலம் முழுவதையும் பயந்துகொண்டே கழித்து, ஒரு நாள்கூட அந்தப் பயத்துக்கு விடுப்புக் கொடுக்காமல், இன்று பணி நிறைவு பெறும் பெரியவரே! உங்களுக்கும், உங்கள் பயத்தோடு இத்தனை காலம் குடும்பம் நடத்திய அம்மாவுக்கும் எங்கள் வணக்கம்.

ஓய்வு பெறுகிறவரை வீரரே, தீரரே என்று விளிப்பதுதான் வழக்கம். உங்களை அப்படி விளித்தால் நீங்களே பின்னால் திரும்பி, "யாரைச் சொல்றாங்க?" என்று கேட்பீர்கள். ஆகவே உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறோம். எங்களில் யாருமே உங்களைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. முதுகுக்குப் பின்னால் 'ஐயையோ சார்' என்றுதான் அழைத்தோம். அது உங்களுக்குத் தெரியாது என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஒரு நாள் தொலைபேசியை எடுத்து, "ஐயையோ பேசறேன், சொல்லுங்க" என்று நீங்களே சொன்ன பிறகுதான் தெரிந்தது, அந்தப் பெயருக்கு நீங்கள் என்றோ கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்பது.

பம்பின் சத்தம் சற்று மாறினால் ஐயையோ. மாறாவிட்டால், "என்ன இவ்வளவு அமைதியா ஓடுது, ஐயையோ." மழை வந்தால் ஐயையோ, வெயில் அடித்தால் ஐயையோ, வெயிலும் மழையும் இல்லாமல் கூட்டம் வந்தால் இரண்டு ஐயையோ. வாசலில் டிக்கெட் கிழிக்கும் எங்கள் டிக்கெட் அண்ணன் ஒரு முறை சொன்னார்: "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சொல்வாங்க. நம்ம சாருக்கு வெளிச்சமா இருக்கறதெல்லாம் பேய்." எல்லோரும் சிரித்தோம். நீங்களும்தான் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே எழுந்து போய் வடிகட்டியைப் பார்த்துவிட்டு வந்தீர்கள்.

இந்த மடலுக்காக உங்கள் சாதனைகளைத் தொகுக்க உட்கார்ந்தோம், திகைத்துப் போனோம். வீடு கட்டியவர் வீட்டைக் காட்டலாம். பாடம் நடத்தியவர் மாணவனைக் காட்டலாம். உயிர்காப்பாளர்கூட, தான் இழுத்துக் கரை சேர்த்தவரைக் காட்டலாம். நீங்கள் எதைக் காட்டுவீர்கள்? கண் சிவக்காத குழந்தைகளையா? காது வலிக்காமல் தூங்கிய பிள்ளைகளையா? வயிற்றுப்போக்கு வராமல் மறுநாள் பள்ளிக்கூடம் போன வகுப்பையா? அவர்களுக்கு உங்களைத் தெரியாது. உங்களுக்கும் அவர்களைத் தெரியாது. இந்தக் குளத்தால் யாரும் நோயில் விழவில்லை என்று எழுதிவிட்டு, நீங்கள் இருந்தால் திருத்தச் சொல்வீர்கள் என்பதால், 'எங்களுக்குத் தெரிந்த வரையில்' என்று சேர்த்துக்கொண்டோம்.

அதனால் சாதனைகளை விட்டுவிட்டு, உங்கள் பயம் எங்களுக்குள் எப்படி இறங்கியது என்பதை மட்டும் சொல்கிறோம். அதற்கு விசில் அக்காவின் கதையைத்தான் சொல்ல வேண்டும். குளக்கரையின் உயரமான நாற்காலியில் விசிலோடு உட்கார்ந்திருக்கும் எங்கள் உயிர்காப்பாளர் அவர். உங்களோடு அதிகம் சண்டை போட்டவரும் அவர்தான்.

சண்டை தொடங்கியது அயனைசர் வந்த நாளில்.

அதற்கு முன் நம் குளத்துக்கு ஒரு நெடி உண்டு. தெருமுனையிலேயே மூக்கில் ஏறும். கண் எரியும், துண்டு வெளுக்கும், வீட்டுக்குப் போய்க் குளித்தாலும் தோலில் ஒட்டியிருக்கும். அது சுத்தத்தின் நெடி என்று நாங்கள் நம்பியிருந்தோம். "அது சுத்தத்தோட நெடி இல்லம்மா, சண்டையோட நெடி" என்று விசில் அக்காவிடம் நீங்கள்தான் சொன்னீர்கள். குளோரின், வந்தவர்களின் வேர்வையோடும் சிறுநீரோடும் மல்லுக்கட்டும்போதுதான் அப்படி நாறும். நெடி கூடினால் அழுக்கு ஜெயிக்கிறது என்று பொருள். அதைக் கேட்ட பிறகு அக்கா ஒரு வாரம் தண்ணீருக்குள் வாயை இறுக மூடிக்கொண்டே நீந்தினார்.

அயனைசர் அந்த நெடியை ஒழித்தது. குளத்திலிருந்து பம்பு அறைக்கு வந்து திரும்பும் குழாயின் நடுவே ஒரு பெட்டி. பெட்டிக்குள் செம்பும் வெள்ளியும் கலந்த இரண்டு கட்டைகள். கட்டைகளுக்கு இடையே தண்ணீர் ஓடும்போது மெல்லிய மின்சாரம் பாயும். உலோகம் கண்ணுக்குத் தெரியாத அயனிகளாகக் கரைந்து தண்ணீரோடு குளத்துக்குப் போகும். செம்பு பாசியை அழிக்கும், வெள்ளி கிருமியை அழிக்கும். குளோரினை ஒரேயடியாக நிறுத்த முடியாது. ஆனால் முன்பு கொட்டியதில் சிறு பங்கு சொட்டினால் போதும். பெட்டியின் நெற்றியில் ஒரு பச்சை விளக்கு.

பெட்டியை விற்க வந்தவர் குளத்து நீரை ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். பளிங்கு தோற்றது. குளத்தை நடத்தும் நம் செயலாளர் அவர்கள் மூச்சை இழுத்துப் பார்த்து, "வாசனையே இல்லையே!" என்று பூரித்தார்.

"ஐயையோ" என்றீர்கள் நீங்கள்.

"இப்ப எதுக்குய்யா ஐயையோ?"

"வாசனை போயிடுச்சே சார்."

"அதுக்குத்தானே இதை வாங்கினோம்!"

"இது வரைக்கும் தண்ணி கெட்டா மூக்கு சொல்லும். இனிமே எனக்கு யார் சொல்வாங்க?"

செயலாளர் தலையில் அடித்துக்கொண்டார். பச்சை விளக்கைக் காட்டி, "அது சொல்லும்" என்றார். நாங்களும் அப்படித்தான் நம்பினோம். விளக்கு எரிந்தால் தண்ணீர் சுத்தம். எவ்வளவு சுலபமாகப் போய்விட்டது வாழ்க்கை! காலையில் வந்தால் எல்லோரும் ஒரு முறை பம்பு அறைக்குள் எட்டி விளக்கைப் பார்ப்போம், திருப்தியாக வேலைக்குப் போவோம். நீங்கள் மட்டும் சோதனைக் குப்பியை எடுத்துக்கொண்டு குளத்தைச் சுற்றிக்கொண்டிருப்பீர்கள். "விளக்கு எரியுதே சார்" என்பார் விசில் அக்கா. "எரியுதும்மா. பெட்டிக்குள்ள கரண்டு போகுதுன்னுதான் அது சொல்லுது. பெட்டியிலிருந்து செம்பு வெளிய வருதான்னு அதுக்கும் தெரியாது" என்பீர்கள்.

செம்பு குறைந்தாலும் பயம், கூடினாலும் பயம் என்பதை எங்களுக்குப் புரியவைத்த பெருமை செயலாளர் அவர்களையே சேரும். அவர் மன்னிப்பாராக. பெட்டி வந்த புதிதில், "நல்ல பொருள்தானே, இன்னும் கொஞ்சம் கூட்டி வை" என்று நீங்கள் இல்லாத ஒரு நாளில் பெட்டியின் அளவுத் திருகைத் திருப்பியவர் அவர். காலை தவறாமல் நீந்துகிறவரும் அவர். நரைத்த தலையோடு முங்கி, சில நாட்களில் பச்சைத் தலையோடு எழுந்தார். அதிகமான செம்பு வெள்ளை முடியில் படிந்தால் அப்படித்தான் ஆகுமாம். டிக்கெட் அண்ணன் அவரைக் 'கிளி சார்' என்று அழைக்கத் தொடங்கியது அன்றுதான். அந்த வாரம் முழுக்கச் செயலாளர் தொப்பியோடுதான் கூட்டங்களில் உட்கார்ந்தார். நீங்கள் திருகுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டீர்கள்.

பிறகு அந்தக் கோடை வந்தது.

பள்ளி விடுமுறை. வெயில் ஆளை உரித்தது. வாசலில் வரிசை தெருவைத் தாண்டி நின்றது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆழப் பகுதியின் அடியில் பதித்த ஓடுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம், அவ்வளவு தெளிவு. விசில் அக்கா நாற்காலியில் ஏறப் போனபோது நீங்கள் கையில் குப்பியோடு குறுக்கே வந்தீர்கள். முகத்தில் ரத்தமே இல்லை.

"இன்னிக்கு வேண்டாம்மா. மூடிடலாம்."

"என்ன சார் விளையாடறீங்களா? வெளிய போய்ப் பாருங்க, ஊரே நிக்குது!"

"செம்பே இல்லம்மா தண்ணியில. நேத்து பார்த்தப்ப இருந்துச்சு, எப்ப நின்னுச்சுன்னு தெரியல."

பெட்டியைத் திறந்தீர்கள். அக்காவும் எட்டிப் பார்த்தார். கட்டைகள் இரண்டின்மேலும் சுண்ணாம்பு போல வெள்ளையாக ஏதோ கெட்டியாகப் படிந்திருந்தது. மின்சாரம் பெட்டி வரைக்கும் வந்து, விளக்கைப் பச்சையாக எரியவிட்டு, அதற்கு மேல் உருப்படியாக எதுவும் செய்யாமல் இருந்திருக்கிறது. அயனைசரை நம்பிக் குறைத்துவிட்டிருந்த குளோரின் மட்டும் தன்னந்தனியாக அத்தனை கூட்டத்தையும் தாங்கிக்கொண்டிருந்தது.

வரிசையைத் திருப்பி அனுப்பும் வேலை அக்காவின் தலையில் விழுந்தது. ஒரு குழந்தை தரையில் புரண்டு அழுதது. ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "தண்ணிக்கே பயப்படற ஆளுக்குக் குளத்துல என்னய்யா வேலை?" என்று கேட்டுவிட்டுப் போனார். அக்காவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிய தண்ணீரின் முடிவு சில நாளில் வந்தது. கெடுதலாக எதுவும் இல்லை.

செயலாளர் உங்களை அறைக்குள் கூப்பிட்டுப் பேசியது வெளியே கேட்டது. நீங்கள் வெளியே வந்ததும் அக்கா விடவில்லை.

"பார்த்தீங்களா ஐயையோ சார்? ஒன்னுமில்லாததுக்கு ஊரையே திருப்பி அனுப்பிட்டீங்க."

"ஒன்னுமில்லாம இருக்கறப்பவே அனுப்பினாத்தான்மா உண்டு. ஏதாவது வந்தப்புறம் அனுப்பறதுக்கு என்ன இருக்கு?"

"இப்படிப் பயந்து பயந்து எப்படி சார் உயிர் வாழறீங்க? நானும்தான் தினம் மேல உட்கார்ந்து பார்க்கறேன். எனக்குப் பயமில்லையே!"

நீங்கள் தண்ணீரைக் காட்டினீர்கள். "நீ பார்க்கறது முங்கறவங்களை. முங்கறவன் கையையாவது தூக்குவான். நான் பார்க்கறது கையே தூக்காதும்மா" என்றீர்கள்.

அன்று சண்டையில் ஜெயித்தது விசில் அக்காதான். ஆனால் ஜெயித்தவருக்குத் தூக்கம் போயிற்று. மறுநாள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தவர், முதல் முறையாக மனிதர்களை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்த்தார். வெயிலில் தகதகத்தது. குழந்தைகள் வாய் நிறைய மொண்டு ஒருவர் மேல் ஒருவர் துப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த வாய்களில் ஒன்று அவருடைய மகளுடையது. அதன்பின் உங்களோடு சண்டை போடுவதை நிறுத்தவில்லை, ஆனால் சண்டைக்கு முன் "இன்னிக்கு எப்படி சார்?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார்.

உங்களுக்குப் பின் பம்பு அறையை யார் பார்ப்பது என்ற பேச்சு வந்தபோது எல்லோரும் அவரவர் கால் கட்டைவிரலைப் பார்த்தோம். புது ஆள் வரும்வரை என்று சொல்லி, செயலாளர் சாவியை விசில் அக்காவிடம் நீட்டினார். "எனக்கு நீச்சல்தான் சார் தெரியும், தண்ணி தெரியாது" என்று அவர் சொன்னது எடுபடவில்லை. சாவியை வாங்கியபோது அக்காவின் உள்ளங்கை வேர்த்திருந்தது. நீங்கள் அதைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்ததை நாங்களும் பார்த்தோம். ஏன் என்றுதான் புரியவில்லை.

பெரியவரே, இது வரைக்கும்தான் நாங்கள் எழுதி, கண்ணாடிச் சட்டம் போடக் கொடுத்திருந்தோம். இன்று காலை நடந்ததற்குப் பிறகு ஓடிப் போய்த் திரும்ப வாங்கி வந்து, மீதியைச் சேர்த்தோம். அதனால்தான் மேசைமேல் சட்டம் வெறுமையாக இருக்கிறது. மடலை நாளை அதில் பொருத்தித் தருவோம். குறையாக எண்ண வேண்டாம்.

இன்று கோடைக்காலப் பயிற்சியின் நிறைவு நாள். சின்னஞ்சிறு பிள்ளைகள் பெற்றோர் முன்னால் நீந்திக் காட்டவேண்டிய காலை. பார்வையாளர் படிகள் நிரம்பியிருந்தன. பிள்ளைகள் தொப்பியும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு கரையில் வரிசையாக நடுங்கிக்கொண்டு நின்றார்கள். "கடைசி நாள், காலையில வந்து நிக்காதீங்க, சாயங்காலம் விழாவுக்கு வந்தா போதும்" என்று செயலாளர் உங்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சாவி அக்காவிடம். நீங்கள் இல்லை.

அக்கா பச்சை விளக்கைப் பார்த்தார். எரிந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தார். கட்டைகள் சுத்தமாக இருந்தன. செம்புச் சோதனை செய்தார். வேண்டிய அளவு இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டு, குளோரின் சோதனைக்குக் குப்பியில் தண்ணீர் எடுத்து மாத்திரையைப் போட்டுக் குலுக்கினார். குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாக மாறவேண்டும். மாறவில்லை. கொட்டிவிட்டு இன்னொரு முறை செய்தார். குளத்தின் மறுமுனைக்குப் போய் எடுத்துச் செய்தார். குப்பியில் தண்ணீர் வெறும் தண்ணீராகவே நின்றது.

"ஐயையோ" என்றார் விசில் அக்கா.

தன் வாயிலிருந்தா வந்தது என்று அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. வரிசையில் முதலில் நின்ற அவருடைய மகள், "அம்மா, நீயும் ஐயையோ ஆயிட்டியா?" என்று களுக்கென்று சிரித்தாள்.

குளோரின் சொட்டும் மெல்லிய குழாயில் உப்பு உறைந்து அடைத்திருந்தது. இரவெல்லாம் ஒரு சொட்டும் போகவில்லை. செயலாளர் வந்தார்.

"செம்பு இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்புறம் என்னம்மா? அயனைசர் வாங்கினதே அதுக்குத்தானே! குழாயை நிதானமாச் சரி பண்ணிக்கலாம். பிள்ளைங்க நிக்குது பாருங்க."

"செம்பு மெதுவாத்தான் சார் வேலை செய்யும். குளோரின்தான் உடனே செய்யும். ஒரு குழந்தை உள்ள ஏதாவது பண்ணிட்டா, பக்கத்துக் குழந்தை வாயைத் திறக்கறதுக்குள்ள செம்பு வந்து சேராது."

"கொஞ்ச நேரம்தானே? என்ன ஆயிடும்?"

"ஒன்னும் ஆகாமலும் போகலாம் சார்."

"அப்ப விடுங்க!"

அக்கா நிமிர்ந்து பார்த்தார். எதிரே படிகள் நிறையப் பெற்றோர். மூடினால் இந்த ஊரின் கேலி முழுக்க இனி அவர் தலையில். பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தால் அறைக்குள் கூப்பிட்டுப் பேசுவார்கள். வெளியே எல்லோருக்கும் கேட்கும். திறந்தால், வரிசையில் முதலில் இறங்குகிறவள் அவருடைய மகள். தண்ணீர் மினுமினுத்துக்கொண்டு காத்திருந்தது. நீங்கள் சொன்ன அந்தக் கை தூக்காதது அதற்குள் இருந்ததோ இல்லையோ, அக்காவுக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. இத்தனை காலம் நீங்கள் ஒவ்வொரு காலையும் இந்தத் தெரியாமையோடுதான் தன்னந்தனியாக நின்றீர்கள் என்பது அந்த நொடியில் அவருக்கு உறைத்தது.

கழுத்திலிருந்த விசிலை எடுத்து ஊதினார். ஒரே நீட்டாக.

நீண்ட விசிலுக்கு நம் குளத்தில் ஒரே பொருள்தான்: எல்லோரும் உடனே வெளியே வாருங்கள், ஆபத்து. ஆள் இருக்கும்போதுதான் ஊதுவார்கள். காலிக் குளத்தைப் பார்த்து யாரும் ஊதியதில்லை. படிகளில் சத்தம் அடங்கியது. ஒரு தகப்பனார் எழுந்து, "என்னங்க இது, தண்ணி பளிங்காட்டம் இருக்கு?" என்றார்.

"தெளிவா இருக்குங்க. சுத்தமா இருக்கான்னு எனக்குத் தெரியல" என்றார் அக்கா. குரல் உடைந்துதான் வந்தது. ஆனால் வந்தது. "தெரியாம உங்க பிள்ளையையும் இறக்கமாட்டேன், என் பிள்ளையையும் இறக்கமாட்டேன்."

கயிற்றை இழுத்துக் குளத்தை மூடினார். செயலாளர் வாயைத் திறந்தார், வரிசையில் நின்ற பிள்ளைகளைப் பார்த்தார், பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "போன தடவை திட்டினதையே நான் இன்னும் மறக்கல" என்று முணுமுணுத்துவிட்டு, படிகளில் இருந்தவர்களுக்குத் தேநீர் சொல்லப் போனார். யாரைத் திட்டியதை என்று அவர் விளக்கவில்லை.

அப்போதுதான் வாசலில் டிக்கெட் அண்ணன், "சார், மெதுவா! சார்!" என்று கத்தியது கேட்டது.

காலையில் வரவேண்டாம் என்று சொன்ன பேச்சை நீங்கள் கேட்டீர்கள்தான். உள்ளே வரவில்லை. எதிர்த் தெருவில், மூடியிருந்த ஒரு கடையின் பெயர்ப்பலகையை நெடுநேரமாகப் படித்துக்கொண்டு நின்றீர்கள். நீண்ட விசில் காதில் விழுந்ததும் ஓடி வந்தீர்கள். விழாவுக்கென்று அம்மா எடுத்துக் கொடுத்த புதுச் சட்டை. அதில் ஒரு பொத்தான் தெறித்திருந்தது. ஒரு செருப்பு வாசலிலேயே கழன்று கிடந்தது.

"யாரு? யாரும்மா உள்ள?"

"யாரும் இல்ல சார்."

"பின்ன எதுக்கு ஊதின?"

"யாரும் இல்லாதப்பவே ஊதிட்டேன் சார்" என்று சொல்லி, அக்கா குப்பியை நீட்டினார்.

நீங்கள் குப்பியை வாங்கிப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தைத்தான் பார்த்தீர்கள். அப்படியே கரையோரப் பலகையில் உட்கார்ந்தீர்கள். மூச்சு வாங்கியது. "குடிக்கக் கொஞ்சம் தண்ணி" என்றீர்கள். அக்காவின் மகள் ஓடிப் போய் ஒரு கண்ணாடி டம்ளரில் கொண்டுவந்தாள்.

அவரோடு குடும்பம் நடத்திய அம்மா, இதை உங்களுக்காகவே எழுதுகிறோம். கல்யாணமான நாள் முதல் இன்று வரை உங்கள் கையால் கொடுத்த தண்ணீரைக்கூட வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்காமல் அவர் குடித்ததில்லை என்று நீங்கள் எங்களிடம் குறைப்பட்டிருக்கிறீர்கள். இன்று காலை, அந்தச் சிறுமி கொடுத்த டம்ளரை அவர் தூக்கிப் பார்க்கவில்லை. வாங்கினார், கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தார். நாங்கள் அத்தனை பேரும் சாட்சி.

பெருந்தகையீர்! இன்று எடுத்த தண்ணீர் பரிசோதனைக்குப் போயிருக்கிறது. ஒன்றுமில்லை என்றுதான் முடிவு வரும் என்று டிக்கெட் அண்ணன் பந்தயம் கட்டுகிறார். அப்படியே வரட்டும். ஒன்றுமில்லை என்று வருவதற்காகத்தான் நீங்கள் உங்கள் இளமையையும் தூக்கத்தையும் இந்தக் குளத்தில் கரைத்தீர்கள், பெட்டிக்குள் இருக்கும் கட்டைகள் யார் கண்ணிலும் படாமல் கரைவதைப் போல. குடித்தவருக்கும் குளித்தவருக்கும் தெரியாமல் கரைந்த உங்களுக்கு, தெரிந்தவர்கள் நாங்கள் சொல்லும் நன்றி இது.

இனி நீங்கள் நோயின்றி, நொடியின்றி, நிம்மதியான நெஞ்சோடு நெடுங்காலம் வாழ்க! உங்கள் கண்கள் தெளிந்த நீரைக் கண்டால் தெளிந்த நீர் என்றே மகிழ்க! அம்மா கொடுக்கும் தண்ணீரை அண்ணாந்து பார்க்காமல் அருந்துக! விசில் சத்தம் கேட்டாலும் திரும்பிப் படுத்து உறங்குக! பயப்படும் வேலையை எங்களிடம் விட்டுவிடுங்கள். அதை இன்று காலையிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டோம். எங்களுக்கு நன்றாகவே பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
இன்று மூடியிருக்கும் குளத்தின் கரையில் உங்களுக்காக எழுந்து நிற்கும்
விசில் அக்கா, டிக்கெட் அண்ணன், செயலாளர்,
மற்றும் ஊழியர்கள் அனைவரும்